சின்னக் கடைக்கு என்ன எழுதுவது? முத்தாபுதுப்பேட்டையை முன்வைத்து விளம்பர வாசகம் பற்றி ஓர் ஆய்வு

‘தரமான பொருட்கள், நியாயமான விலை, கனிவான சேவை.’ ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது ஏதாவதொரு பலகையில் கண்ணில் படும். மளிகைக் கடையும் இதையே எழுதுகிறது, மருந்துக் கடையும் இதையே எழுதுகிறது, டூவீலர் மெக்கானிக்கும் இதையே எழுதுகிறார். பெயரை அழித்துவிட்டு எதிர்க்கடையின் பெயரைப் போட்டாலும் பலகை அப்படியே பொருந்தும். எதிர்க்கடைக்கும் பொருந்துகிற வாசகத்துக்காகப் பெயின்டருக்கும் ஃப்ளெக்ஸ் அச்சகத்துக்கும் கொடுக்கிற காசு வீண்.

அப்படியானால் எதை எழுத வேண்டும்? இந்தக் கேள்விக்கு வியாபாரிகளிடமும் விளம்பரத் தொழில் செய்பவர்களிடமும் பல விடைகள் இருக்கின்றன. சில ஒன்றுக்கொன்று முரண்படும். சரக்கு நன்றாக இருந்தால் போதும் என்பார் ஒருவர். பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். தள்ளுபடி போட்டால்தான் கூட்டம் வரும் என்பார் மூன்றாமவர். பெரிய நிறுவனங்களுக்குப் பலித்த வழிகள் பத்துக்குப் பத்து அடிக் கடைக்கும் பலிக்குமா என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. பார்ப்பதற்கு ஓர் ஊர் வேண்டும், முத்தாபுதுப்பேட்டையை எடுத்துக்கொள்வோம்.

ஊரும் வாடிக்கையாளரும்

முத்தாபுதுப்பேட்டை ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. விமானப்படை நிலையம் இங்கே இருக்கிறது. மிட்டனமல்லி, பாலவேடு என்று சுற்றிலும் ஊர்கள். தெற்கே இந்துக் கல்லூரி ரயில் நிலையமும் பட்டாபிராமும். ஆவடி முழுவதுமே பாதுகாப்புத் துறையைச் சார்ந்து வளர்ந்த நகரம். எச்.வி.எஃப். என்று எல்லோரும் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை, இன்ஜின் தொழிற்சாலை, படைவீரர்களுக்கு உடை தைக்கும் ஓ.சி.எஃப்., அர்ஜுன் டாங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. எல்லாம் இங்கேதான். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.45 லட்சம் பேர் இருந்த ஆவடி, 2019இல் மாநகராட்சி ஆனது.

இந்த ஊரமைப்பு கடைக்காரருக்கு இரண்டு வகை வாடிக்கையாளரைத் தருகிறது. ஒரு வகையினர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். எந்தக் கடையில் எடை சரியாக இருக்கும், எந்த மெக்கானிக் நல்ல பாகத்தைக் கழற்றி வேறு போட்டுவிடுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பலகை தேவையில்லை. அக்கம்பக்கத்துப் பேச்சே போதும். இன்னொரு வகையினர் பணிமாறுதலில் வருகிறவர்கள். பீகாரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்து இறங்கிய குடும்பத்துக்கு இங்கே யாரையும் தெரியாது. அவர்களுக்குப் பால் யார் போடுவார், யூனிஃபார்ம் யார் தைப்பார், வாஷிங் மெஷினை யார் பழுது பார்ப்பார் என்று உடனே தெரிய வேண்டும். சில ஆண்டுகளில் அவர்கள் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வரும். ஆக, இங்கே கடை வைத்திருப்பவர் தன்னை அறியாத ஆளிடம் திரும்பத் திரும்ப முதல் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. விளம்பர வாசகத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. படையினர் குடும்பங்களுக்கு சி.எஸ்.டி. கேன்டீன் இருக்கிறது. 1948 முதல் இயங்கும் அந்தத் துறைக்கு ஜி.எஸ்.டி.யில் பாதி திரும்பக் கிடைக்கிறது; அதனால் சோப்பு, எண்ணெய், பிஸ்கட் விலை வெளிக்கடையைவிடக் குறைவு. கேன்டீன் அட்டை வைத்திருப்பவரிடம் ‘மலிவு விலை’ என்று எழுதி ஒரு மளிகைக் கடை ஜெயிக்க முடியாது. கேன்டீனில் கிடைக்காததைச் சொன்னால் ஜெயிக்கலாம்: இரவு ஒன்பதரைக்கும் இட்லி மாவு கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்யப்படும், ஒரு கட்டுக் கீரை என்றாலும் வீட்டுக்கு வரும். எதை எழுதுவது என்பது எழுதுகிறவரின் சொல்வளத்தைப் பொறுத்த விஷயம் அல்ல, வாங்குகிறவரின் நிலைமையைப் பொறுத்த விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

பூக்கடைக்கு விளம்பரமா?

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்ற பேச்சு நம்மிடம் பழையது. சரக்கு பேசும், நாம் பேச வேண்டாம் என்பது இந்தக் கட்சியின் வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மோசமான சரக்கை எந்த வாசகமும் இரண்டாம் முறை விற்காது. ஒரு தெருவில் முப்பது வருடம் நிலைத்த டீக்கடைக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மீதிப் பாதியில்தான் சிக்கல். பூவின் வாசனை அந்தத் தெருவில் நடப்பவருக்குத்தான் எட்டும். வெளிவட்டச் சாலையில் வண்டியில் போகிறவருக்கும், நேற்று குடிவந்தவருக்கும், கைபேசியில் ‘பக்கத்தில் டெய்லர்’ என்று தேடுகிறவருக்கும் எட்டாது. வாய்வழிப் பேச்சு பரவக் காலம் எடுக்கும். புதிதாகக் கடன் வாங்கிக் கடை திறந்தவருக்கு வாடகையும் வட்டியும் அந்தக் காலத்தைக் கொடுப்பதில்லை.

பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பது

இரண்டாவது கட்சி பெயரை நம்புகிறது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு கோபால் பல்பொடி விளம்பரம் இன்றைக்கும் நினைவிருக்கும். நாடுகளின் பெயரை அடுக்கிக்கொண்டே போகும் அந்தக் குரல், பொடியில் என்ன இருக்கிறது என்று பெரிதாக விளக்கவில்லை. பெயர் மனதில் பதிந்தது, கடையில் கேட்டு வாங்கினார்கள்.

திரும்பத் திரும்பச் சொல்வதால் பெயர் பதியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு நாள்தோறும் காசு கட்ட வேண்டும், எல்லா ஊரிலும் சரக்கு கிடைக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க விற்கும் பல்பொடிக்குக் கட்டுப்படியாகிற முறை, மூன்று தெருவுக்கு விற்கும் கடைக்குக் கட்டுப்படியாகாது. உள்ளூர் கேபிளில் ஒரு மாதம் பெயரை ஓட்டிவிட்டு நிறுத்தினால் அடுத்த மாதமே பெயர் மறந்துவிடும். சிறு கடைக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல இலவசமான இடங்கள் உண்டு: பில், பை, மாவுப் பாக்கெட், டெலிவரிப் பையனின் சட்டை. அவற்றில் பெயரும் கைபேசி எண்ணும் ஒரே மாதிரி, ஒரே எழுத்தில் இருந்தால் போதும்.

சலுகை: விலையைக் குறைப்பதும் ருசி காட்டுவதும்

மூன்றாவது கட்சி சலுகையை நம்புகிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். சலுகையில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, ஏற்கெனவே வாங்குகிறவருக்கு விலையைக் குறைப்பது. இன்னொன்று, இதுவரை வாங்காதவரைப் பயமில்லாமல் ஒருமுறை பார்க்க வைப்பது.

இரண்டாவது வகைக்கு நம் ஊரிலேயே பெரிய முன்னோடிகள் உண்டு. அமிர்தாஞ்சனத்தை 1893இல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். ஒரு தைலத்தின் பலனைப் பத்து வரியில் எழுதுவதைவிட நெற்றியில் ஒரு சொட்டு தடவிப் பார்ப்பது மேல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடலூரில் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதனும் இதே வழியில் போனார். ஷாம்புவைச் சிறு சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையை அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணன் முன்பே கொண்டுவந்திருந்தார். மகனுடைய ஆட்கள் கிராமங்களுக்குப் போய்ச் சிறுவர்களின் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். கூடியிருந்தவர்கள் முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு காலிச் சாஷேக்களைக் கொண்டுவந்தால் சிக் சாஷே ஒன்று இலவசம் என்ற திட்டம் வந்தது. முதலில் எந்த நிறுவனத்தின் சாஷேவையும் வாங்கிக்கொண்டார்கள், பின்னால் சிக் சாஷேவை மட்டும். இன்னொருவருடைய ஷாம்புவை வாங்குகிறவரை முதலில் தன் பக்கம் இழுத்து, பிறகு தன்னுடையதையே திரும்ப வாங்க வைத்த திட்டம் இது. அந்த நிறுவனம்தான் 1998இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது.

முத்தாபுதுப்பேட்டை மாவுக் கடைக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. ‘எல்லா மாவும் 10 சதவீதம் தள்ளுபடி’ என்றால் தினமும் வாங்கும் ஆளுக்கே லாபத்தை விட்டுக்கொடுக்கிறார். ‘புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் அரைக் கிலோ மாவு இலவசம், வீட்டு முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்’ என்றால் இதுவரை வராதவர் வருகிறார், கூடவே அவருடைய எண்ணும் கிடைக்கிறது. சும்மா சும்மா விலையைக் குறைக்கும் கடையில், அடுத்த தள்ளுபடி வரும்வரை காத்திருக்க வாடிக்கையாளர் பழகிவிடுவார்.

முதலாளியின் முகம்

நான்காவது வழி முதலாளியே முன்னால் வந்து பேசுவது. 1978இல் தொடங்கிய வசந்த் அண்ட் கோவின் விளம்பரங்களில் எச். வசந்தகுமாரின் சிரித்த முகம் இல்லாமல் இருந்ததில்லை. நடிகரை வைத்து விளம்பரம் எடுத்த காலத்தில் லலிதா ஜுவல்லரியின் எம். கிரண்குமார் தானே கேமரா முன்னால் நின்று பேசினார். அவர் பேசிய விஷயம் முகத்தைவிட முக்கியம். எங்கள் விலைச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். செய்கூலி, சேதாரத்தில் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் நகை வாங்கிப் பழகிய மக்களிடம், ‘நாங்கள் நேர்மையானவர்கள்’ என்ற வரியைவிட ‘நீங்களே சரிபாருங்கள்’ என்ற அழைப்பு பலமாக விழுந்தது.

முகம் காட்டுவதில் சிறு கடைக்காரருக்குப் பெரிய நிறுவனத்தைவிட வசதி அதிகம். அவர் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். ‘குறை இருந்தால் நேரில் என்னிடம் சொல்லுங்கள், காலை 8 முதல் 11 வரை கடையில் நான்தான் இருப்பேன்’ என்று அவர் எழுத முடியும். எந்தச் சங்கிலிக் கடையும் இப்படி எழுத முடியாது.

காரணம் சொல்லும் மரபு

ஐந்தாவது கட்சி, வாங்குவதற்கு ஒரு காரணத்தைக் கொடு, அது உண்மையான தகவலாக இருக்கட்டும் என்கிறது. அமெரிக்காவில் இதன் பெரிய ஆள் கிளாட் ஹாப்கின்ஸ். 1923இல் வந்த அவருடைய விளம்பர நூல் இன்றும் படிக்கப்படுகிறது. ஷ்லிட்ஸ் என்ற பியர் நிறுவனத்துக்கு எழுதப்போனபோது, அவர் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். வடிகட்டும் முறையையும் புட்டிகளை ஆவியில் கழுவுவதையும் பார்த்து வியந்தார். எல்லா ஆலைகளும் இப்படித்தான் செய்கின்றன என்றார்கள். ஆனால் அதுவரை யாரும் சொல்லவில்லை. ‘தூய்மையானது’ என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, எப்படித் தூய்மையாகிறது என்று அவர் எழுதினார். விற்பனை ஏறியது.

டேவிட் ஓகில்வி விளம்பரத் தொழிலுக்கு வரும் முன் வீடுவீடாகப் போய் அடுப்பு விற்றவர். 1935இல் விற்பனையாளர்களுக்காகக் கையேடு எழுதினார். 1958இல் அவர் எழுதிய ரோல்ஸ்ராய்ஸ் விளம்பரத்தின் தலைப்பு, மணிக்கு 60 மைல் வேகத்திலும் காருக்குள் பெரிதாகக் கேட்பது மின்கடிகாரத்தின் ஓசைதான் என்று சொன்னது. அது அவருடைய கற்பனை அல்ல. ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதிய குறிப்பிலிருந்து எடுத்தது. நல்ல வாசகத்தை உட்கார்ந்து யோசித்துப் பிடிப்பதில்லை, தேடிக் கண்டெடுக்கிறார்கள்.

தமிழிலும் இந்த மரபுக்கு வேர் உண்டு. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கும் முன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்தவர், தபால் வழியே பொருள் விற்றவர். தபால் வியாபாரத்தில் வாசகம் பலித்ததா இல்லையா என்பது வந்த ஆர்டர் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். அழகாக இருக்கிறது என்று யாரும் பாராட்டத் தேவையில்லை. அந்தப் பள்ளியில் படித்தவர் பின்னால் 1948இல் ‘சந்திரலேகா’ படத்துக்குச் செய்த விளம்பரம் நாடு முழுவதும் பேசப்பட்டது.

இந்தக் கட்சிக்கும் ஒரு வரம்பு உண்டு. கல்யாண மேக்கப், கேக், பூ அலங்காரம் போன்ற தொழில்களில் மனம் ஆசைப்பட்ட பிறகுதான் அறிவு கணக்குப் பார்க்கும். அங்கே பட்டியல் போட்டுக் காரணம் சொன்னால் சலிப்பு வரும். ஆனால் அங்கேயும் சான்று வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த அழகிய கேக்கின் படத்தைவிட நீங்கள் போன வாரம் செய்த கேக்கின் சுமாரான படம் நம்பிக்கை தரும்.

ஒரு நோட்டீஸைப் பிரித்துப் பார்த்தால்

முத்தாபுதுப்பேட்டையில் யூனிஃபார்ம் தைக்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். டி.டி.பி. சென்டரில் அடித்த அதன் நோட்டீஸ் இப்படி இருக்கிறது:

‘எங்களிடம் அனைத்து வகையான சீருடைகளும் சிறந்த முறையில் தைத்துத் தரப்படும். குறித்த நேரத்தில் டெலிவரி. ஒருமுறை வாருங்கள், மீண்டும் வருவீர்கள்.’

‘அனைத்து வகை’ என்றால் எது என்று தெரியாது. பள்ளிச் சீருடையா, விமானப்படைச் சீருடையா, செக்யூரிட்டி உடையா? ‘சிறந்த முறை’ என்பதைச் சரிபார்க்க முடியாது. ‘குறித்த நேரம்’ என்றால் யார் குறித்தது? ‘மீண்டும் வருவீர்கள்’ என்பது வாடிக்கையாளர் சொல்ல வேண்டியது. ‘தரப்படும்’ என்ற அரசாங்கத் தமிழில் தருகிறவர் யார் என்பதே மறைந்துபோகிறது.

இப்போது அந்த டெய்லரிடம் போய், வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டால் வாசகம் தானாக வந்துவிடும். ‘எப்போ கிடைக்கும்ணா?’, ‘போன தடவை வேற கடையில இடுப்பு டைட்டா தைச்சுட்டாங்க’, ‘ஞாயித்துக்கிழமை கடை உண்டா?’ இவைதான் கேள்விகள். பதில்களை எழுதினால் நோட்டீஸ் இப்படி ஆகும், எண்கள் உதாரணத்துக்கு:

‘விமானப்படை, பள்ளி யூனிஃபார்ம் தைக்கிறோம்.
இன்று அளவு கொடுத்தால் நான்காம் நாள் மாலை 6 மணிக்குக் கையில்.
தாமதமானால் தையல் கூலியில் 50 ரூபாய் குறைத்துக்கொள்வோம்.
ஒரு மாதத்துக்குள் இறுக்கமோ தொளதொளப்போ தெரிந்தால் கூலி இல்லாமல் சரிசெய்வோம்.
ஞாயிறு மதியம் 1 மணி வரை கடை உண்டு.’

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. ஒவ்வொரு வரியையும் வாடிக்கையாளர் சரிபார்க்க முடியும். எதிர்க்கடை இதை அப்படியே நகல் எடுக்க வேண்டுமென்றால் வேலையையும் இப்படியே செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் நான்கு நாளில் கொடுக்க முடியாது என்றால் நான்கு நாள் என்று எழுதக் கூடாது. ‘மே, ஜூன் மாதங்களில் எட்டு நாள்’ என்று சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுத உட்காரும்போதுதான், எத்தனை நாளில் கொடுக்க முடியும் என்று டெய்லர் முதன்முறையாகக் கணக்குப் பார்ப்பார். இன்னொரு தையல்காரரை வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிப்பார். நல்ல வாசகம் எழுதும் வேலை தொழிலையும் திருத்துகிறது.

மாவுக் கடைக்கும் இதே கணக்குதான். ‘ஃபிரெஷ் மாவு’ என்ற பலகை காலையிலும் பொய்யில்லை, மறுநாள் மாலையிலும் மாறாது. ‘இன்று காலை 5 மணிக்கு அரைத்தது, இட்லி அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு மட்டும்’ என்று சாக்பீஸால் கரும்பலகையில் தினமும் எழுதினால் அதற்கு ஃப்ளெக்ஸைவிட மதிப்பு அதிகம். எழுதுகிற கையே சாட்சி.

எங்கே, எந்த மொழியில்

பலகை வண்டியில் போகிறவருக்கானது. நாலைந்து சொல்லுக்கு மேல் கண் பிடிக்காது: பெயர், தொழில், ஒரு காரணம், போதும். கைபேசி எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு என்ன கடை என்பதைச் சிறிதாகப் போடுவது பரவலான பிழை. நாளிதழுக்குள் வைத்துப் போடும் பிட் நோட்டீஸ் டீ குடித்துக்கொண்டே படிக்கப்படுவது. அங்கே விவரமாக எழுதலாம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது காதுக்கானது. வாக்கியம் சிறியதாக, இடத்தின் பெயர் இரண்டு முறை வர வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்தபின் கடைக்காரர் கையில் ஒரு சின்னப் பத்திரிகையே இருக்கிறது. ஆனால் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பில்லில் ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மாவு தீரும் முன் ஸ்டேட்டஸில் சொல்கிறோம்’ என்று ஒரு வரி போடுவது நல்லது. தினம் காலை ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் அனுப்புகிற கடையை மக்கள் மியூட்டில் போட்டுவிடுவார்கள். கூகுள் மேப்பில் திறக்கும் நேரம், மூடும் நேரம், வாரவிடுமுறை ஆகியவற்றைச் சரியாகப் போடுவதும் விளம்பரமே. பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர் இன்னொரு முறை வர மாட்டார்.

மொழிக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கடை, நிறுவனப் பலகைகளில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்பது விதி; தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. முத்தாபுதுப்பேட்டையில் இந்தியிலோ தெலுங்கிலோ ஒரு வரி சேர்த்தால் பயன் உண்டு. ஆனால் கைபேசி மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடிக்காமல், அந்த மொழி பேசும் வாடிக்கையாளர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். தமிழிலும் எழுத்துப்பிழை கடையின் கவனக்குறைவுக்கு அடையாளமாகத் தெரியும், மருந்துக்கடைக்கும் உணவகத்துக்கும் குறிப்பாக. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வாசகம் கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். உங்கள் கடை எத்தனை மணிக்கு மூடும், போன வாரம் யார் என்ன குறை சொன்னார் என்று அதற்குச் சொல்லாவிட்டால், அதுவும் ‘தரமான சேவை’யைத்தான் எழுதித் தரும்.

சட்டம் போடும் கோடு

சின்னக் கடைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்பது தவறான தைரியம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. போதிய சரக்கு இல்லாமல் ஆளை வரவழைக்க மட்டும் விலை போடக் கூடாது. வேறு வழியில் காசு வாங்கிக்கொண்டு ‘இலவசம்’ என்று சொல்லக் கூடாது. தமிழில் வாக்குக் கொடுத்துவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் ஒளித்து வைக்கக் கூடாது.

நாட்டு மருந்துக் கடைகளும் மூலிகைப் பொருள் விற்பவர்களும் 1954ஆம் ஆண்டின் ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய், உடல் பருமன், உயரக்குறைவு போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது அந்தச் சட்டப்படி குற்றம். ‘சர்க்கரையை விரட்டும்’ என்று கஷாயப் பொடிப் பாக்கெட்டில் எழுதுவது துணிச்சல் அல்ல, வழக்குக்கு அழைப்பு. வீட்டில் ஊறுகாய், மசாலாப் பொடி செய்து விற்பவரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற்று, அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் தெளிவாகப் போட வேண்டும். அது கட்டாயம் என்பதோடு, நம்பிக்கை தரும் வரியும்கூட.

பேனர் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததை மறக்க முடியாது. அனுமதியில்லாமல் நடைபாதையை மறித்து வைக்கும் பேனர் கடையின் பெயரைப் பரப்பும் முன் கெடுத்துவிடும்.

அளந்து பார்ப்பது

பலித்ததா என்று பார்க்க ஏஜென்சி வேண்டாம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு போதும். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?’ என்று கேட்டு ஒரு கோடு போட வேண்டும்: பலகை, நோட்டீஸ், வாட்ஸ்அப், கூகுள், தெரிந்தவர் சொன்னது. நோட்டீஸை இரண்டு விதமாக அடித்து, மிட்டனமல்லிப் பக்கம் ஒன்றும் பாலவேடு பக்கம் ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் தலைப்பு வரி மட்டும் வேறாக இருக்கட்டும், மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். நோட்டீஸின் மூலையைக் கிழித்துக் கொண்டுவந்தால் ஏதாவது சிறு சலுகை என்று வைத்தால் எது அதிகம் வந்தது என்று எண்ணிவிடலாம். ஒரே சமயத்தில் விலை, தலைப்பு, படம் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஊருக்கு ஊர் வாடிக்கையாளரும் வேறுபடுவார்கள். ஒரு மாதக் கணக்கை வைத்து அவசர முடிவும் எடுக்கக் கூடாது.

முடிவு

ஐந்து வழிகளையும் எடை போட்டால், பெயரைத் திரும்பச் சொல்வது பணம் இருப்பவருக்கு. தள்ளுபடி லாபம் தாங்குகிறவருக்கு. வாய்வழிப் பேச்சு காத்திருக்க முடிகிறவருக்கு. சிறு கடைக்கு எப்போதும் எட்டுகிற வழி, சரிபார்க்கக்கூடிய ஒரு தகவலை முதலாளி தன் பொறுப்பில் சொல்வது. அதற்குச் செலவு குறைவு. ஆனால் சொன்னபடி நடக்க வேண்டும், தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டத்திலும்.

ஆகவே அடுத்த நோட்டீஸுக்கு முன் அச்சகத்துக்குப் போக வேண்டாம். உங்கள் கடைக்குத் திரும்பத் திரும்ப வருகிற பத்துப் பேரிடம், பக்கத்திலேயே வேறு கடை இருக்கும்போது இங்கே ஏன் வருகிறீர்கள் என்று கேளுங்கள். மரியாதைக்குச் சொல்லும் முதல் பதிலை விட்டுவிடுங்கள். இன்னொரு முறை கேட்டால் உண்மைக் காரணம் வரும். அதிகம் பேர் சொன்ன காரணத்தை அவர்கள் பேசிய தமிழிலேயே எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.